பூசைக்கல் அறை

பாதாளக்குறிச்சியின் கதவைச் சாத்தி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் ஊர் வாய்க்கு மெல்லுவதற்கு ஓர் அற்புதம் கிடைத்துவிட்டது. பிரசவ அறைச் சுவர் திருநீறு சுரக்கிறதாம்.

அரசாங்கத்தார் அந்த ஊருக்கு வைத்த பெயர் வேறு. கோடைக்காலப் புகலிடக் குடியிருப்பு, தென்மண்டலம் என்று சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். பங்குனி பிறந்தால் மேலே வெயில் ஆளையே கொல்லும் என்றான பிறகு, கைவிட்ட சுரங்கம் ஒன்றைக் குடைந்து பெரிதாக்கி மூவாயிரம் பேரை உள்ளே குடிவைத்தார்கள். பங்குனியில் கதவு சாத்தினால் ஆவணியில்தான் திறக்கும். இடையில் பிறந்தாலும் செத்தாலும் உள்ளேயேதான். பாதாளக்குறிச்சி என்று முதலில் சொன்ன புண்ணியவான் யாரோ, பொருத்தமாகத்தான் சொன்னான்.

செண்பகவடிவுக்கு அங்கே கல் பார்க்கிற வேலை. பெண் பார்க்கிற வேலையை விட இதில் பொய் குறைவு என்று அவளே சொல்லிக்கொள்வாள். குடியிருப்பின் சுவர் முழுக்க வார்ப்புக் கல். செம்பு உருக்கும் ஆலைகள் மலைமலையாகக் கொட்டி வைத்திருந்த பாஷாணக் கழிவை, அதாவது ஆர்சனிக்கை, இரும்போடும் கந்தகத்தோடும் சேர்த்து உருக்கி, பலகை பலகையாக வார்த்த கல் அது. விஷம் கல்லுக்குள் அடங்கிப் போகும், கல் வீடு கட்ட ஆகும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று திட்டம் போட்டவர்கள் கைதட்டிக்கொண்டார்கள். அந்தக் கல் விஷத்தை இன்னும் அடக்கி வைத்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் வடிவின் பாடு. மாதாமாதம் ஒவ்வொரு தெருவிலும் ஒரு சில்லுப் பெயர்த்து, கண்ணாடி போலத் தேய்த்து, நுண்ணோக்கியில் வைப்பாள். முழுதும் வெளிர் மஞ்சளாகத் தெரிந்தால் நல்ல கல். மஞ்சளுக்கு நடுவே வெள்ளைப் புள்ளி தெரிந்தால் பாஷாணம் பிரிந்து போகிறது என்று பொருள். இத்தனை வருடத்தில் அவள் ஒரு வெள்ளைப் புள்ளியைக்கூடப் பார்த்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஓர் அறையில் மட்டும் அவள் சில்லு எடுத்ததே கிடையாது. அது பூசைக்கல் அறை. ஊர் கட்டிக்கொண்டிருந்த வருடம் ஆயுத பூசையன்று வார்த்த கற்கள் சரியாக ஓர் அறைக்குப் போதுமானதாக இருந்தன. நல்ல நாளில் பிறந்த கல், அதைப் பிள்ளை பிறக்கிற அறைக்குப் பதிப்போம் என்று எல்லோரும் கூடி முடிவு செய்தார்கள். பூசைக் கல்லில் உளி படக் கூடாது என்று ஒரு சட்டமும் தானாக வந்து சேர்ந்தது. வடிவும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டாள். அதே உலை, அதே கலவை, ஓர் அறை விட்டுப்போனால் என்ன குடியா முழுகிவிடும் என்று நினைத்தாள்.

அந்த அறையில் இருப்பது ஒரே ஒரு கட்டில். பிரசவம் நெருங்கிய பெண்களில் சீட்டு எடுத்து, யார் பெயர் வருகிறதோ அவளுக்கு அது. இந்த முறை வடிவின் தங்கை குழலிக்கு விழுந்திருந்தது. இரண்டு தடவை வயிற்றில் தங்காமல் போன பிறகு வந்திருக்கிற பிள்ளை. குழல்வாய்மொழி என்று பெயர் வைத்த அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை. வடிவுக்கு அவளும், அவளுக்கு வடிவும்தான்.

செய்தி கேட்டு வடிவு போனபோது குழலி கட்டிலில் சாய்ந்தபடி ஒரு சின்னக் கிண்ணத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"யக்கா, வாயத் தொற. கல்லுத் திருநீறு."

வடிவின் கண் கிண்ணத்தைத் தாண்டிச் சுவருக்குப் போனது. பின்னால் இந்த வருடம் புதிதாக இழுத்த குளிர்நீர்க் குழாய் ஓடுகிற இடத்தில் கல் வியர்த்திருந்தது. வியர்த்த இடத்தின் ஓரமெல்லாம் மாவு அப்பியது போல வெள்ளை.

"எப்ப இருந்துட்டீ இது?"

"கதவு சாத்துனதுல இருந்து. நர்ஸ் ஸ்டெல்லா சிஸ்டர்தான் தெனமும் வழிச்சு வைக்காவ. அவ்வோ சர்ச்சுக்குப் போறவ, ஆனாலும் எவ்வளவு பயபக்தியா எடுக்காவ தெரியுமா? நான் காலைல ஒரு கடுகளவு நாக்குல வச்சிக்கிடுதேன்."

"வயிறு எப்படி இருக்கு?"

"எரியத்தான் செய்யுது. கை விரலு மரத்தாப்புல மதமதங்குது. புள்ளத்தாச்சிக்கு அப்படித்தான் இருக்குமாம்."

வடிவு கிண்ணத்துக்குக் கை நீட்டினாள். பல் கூசுகிறது, பிறகு போட்டுக்கொள்கிறேன் என்று ஒரு பொய் சொல்லி, திருநீற்றைக் கைக்குட்டையில் முடிந்தாள். கிண்ணத்தையும் கழுவித் தருகிறேன் என்று பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள். கதவோரம் தானாக உதிர்ந்து கிடந்த ஒரு சில்லையும் குனிந்து பொறுக்கினாள்.

ஆய்வறையில் அந்தப் பொடியில் ஒரு துளியைக் கரித்துண்டின் மேல் வைத்துச் சூடாக்கினாள். பூண்டு வாடை வந்தது. சமையலறையில் அந்த வாடை வந்தால் பசிக்கும், இங்கே வந்தால் பாஷாணம். சில்லைத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தபோது மஞ்சள் பரப்பெங்கும் வெள்ளைப் புள்ளிகள். அம்மை போட்ட உடம்பு போல இருந்தது. வடிவு பயந்தாள். அறிவாளிகள் பயப்பட மாட்டார்கள் என்பதெல்லாம் சும்மா.

குடியிருப்பின் பொறுப்பாளர் ஆவுடையப்பன் நல்ல மனிதர். யார் மனமும் நோகக் கூடாது என்று நினைத்து நினைத்தே பாதி வேலையைச் செய்யாமல் விடுபவர். கல் வார்த்த காலத்தில் குளிர்விக்கும் பிரிவுக்கு மேஸ்திரியாக இருந்த சங்கிலிபூதத்தையும் அவர் அறைக்கு வரச் சொன்னாள் வடிவு.

"எனக்குப் புரியும்படியா சொல்லும்மா," என்றார் ஆவுடையப்பன்.

"கல்யாணப் பந்தின்னு வச்சிக்கிடுங்க ஐயா. கல்லுக்குள்ள வரிசையா எல போட்டிருக்கு. ஒரு எலைக்கு இரும்பு, அடுத்ததுக்குக் கந்தகம். கந்தகம் இருக்க வேண்டிய எடத்துல அங்கங்க பாஷாணத்த உக்கார வச்சிருக்கோம். ஆளு கிட்டத்தட்ட அதே சைசு, அதனால வரிசை கலையல. கொழம்பாக் கொதிக்கும்போது யாரு எங்க இருந்தாலும் ஒண்ணுந் தெரியாது. சட்டுனு குளுர வச்சா உக்காந்த எடத்துலயே ஒறஞ்சிரும், எந்திரிக்க நேரம் கெடையாது. மெதுவா ஆற விட்டாத்தான் வம்பு."

"என்ன வம்பு?"

"சாவகாசமா எந்திரிச்சு சொந்தக்காரனத் தேடிப் போயிரும். பாஷாணம் பாஷாணத்தோட ஒதுங்கித் தனிப் பந்தி போட்டுரும். அங்கன ஈரம் பட்டா வெளிய பூக்கும். அதத்தான் நம்ம ஆளுங்க திருநீறுன்னு வாயில போடுதாங்க."

ஆவுடையப்பன் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வடிவு மேஸ்திரியிடம் திரும்பினாள். "எல்லாக் கல்லையும் தண்ணி பீச்சித்தான குளுர வச்சீங்க அண்ணாச்சி?"

"எல்லாக் கல்லையுந்தான்," என்ற சங்கிலியின் முகம் சொல்லி முடிப்பதற்குள் மாறியது. "ஆயுத பூச அன்னைக்கி மட்டும்... ஒலைய நிறுத்த முடியாதும்மா, நிறுத்துனா உள்ளயே கட்டிக்கிடும். அதனால ஒல ஓடுச்சு. பம்புக்கு மாலையப் போட்டு, சந்தனம் குங்குமம் வச்சு, ஓய்வு குடுத்துட்டோம்."

"பம்புக்கு எதுக்கு அண்ணாச்சி ஓய்வு?"

"பம்பும் ஆயுதந்தானம்மா. பூச போட்ட ஆயுதத்த அன்னைக்கித் தொடலாமா? கல்லு தானா ஆறட்டும்னு விட்டோம். மறுநா காலைலயும் சுட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு. சாமி நாளுல்லா, அதான் நிதானமா ஆறுதுன்னு பெருமையாப் பேசிக்கிட்டோம்." தலையில் இருந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

ஆவுடையப்பன் எழுந்து போய்க் கதவைத் தாழிட்டார். "இது வெளிய போகக் கூடாது. எல்லாச் சுவரும் பாக்க ஒரே மாதிரி இருக்கு. அந்த அறை விஷம்னா எங்க வீட்டுச் சுவரும் விஷம்தான்னு மூவாயிரம் பேரும் கதவப் பாத்து ஓடுவாங்க. கதவு தொறந்தா என்ன ஆகும்னு ஒனக்கே தெரியும்."

தெரியும். மேலேயிருந்து வெயில் குடம் குடமாக உள்ளே இறங்கிவிடும், குளிர் திரும்பக் கிடைக்காது. ஓடியவர்களும் சாவார்கள், ஓடாதவர்களும் சாவார்கள்.

"ஒந் தங்கச்சிய இன்னைக்கே பொது வார்டுக்கு மாத்திரு. அந்த அறைய எதாவது காரணம் சொல்லி நான் பூட்டிருதேன்," என்றார்.

வடிவு தலையாட்டினாள். தங்கை வெளியே வந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு, மற்றதெல்லாம் பிறகு. தன் காலில் முள் குத்தினால்தானே நமக்கெல்லாம் பாதை கண்ணில் படுகிறது.

குழலி சும்மா வரவில்லை. "எனக்கு விழுந்த சீட்டு, நான் எதுக்கு எந்திரிக்கணும்? இந்தப் புள்ளையும் தங்கலன்னா ஒன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்," என்று அழுதாள். குழாயில் கசிவு, ஈரம் ஆகாது என்று வடிவு ஏதேதோ சொல்லி, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ப் பொது வார்டில் படுக்க வைத்தாள். உண்மைக் காரணத்தை மட்டும் சொல்லவில்லை. குழலியின் வாய்க்குப் பூட்டு கிடையாது என்பது அவளுக்குத் தெரியும்.

மறுநாள் வடிவு வாளியும் துணியுமாகப் பூசைக்கல் அறைக்குப் போனாள். பூட்டுவதற்கு முன் அந்த வெள்ளையைக் கழுவி எடுத்துவிடலாம் என்று நினைத்திருந்தாள். கட்டிலில் வேறு ஒருத்தி படுத்திருந்தாள். முப்பிடாதி, இருபது வயது இருக்கும், தலைப்பிரசவம். பக்கத்தில் அவள் அம்மா மாடத்தி, மடியில் புதுக் கிண்ணத்தோடு.

"வாங்கக்கா," என்று முப்பிடாதி கையெடுத்துக் கும்பிட்டாள். "நீங்க குழலி அக்காவ மாத்துனதுனாலதான் எனக்கு இந்த அறை கெடச்சுது. நீங்க நல்லா இருக்கணும்."

வடிவு அப்படியே திரும்பி ஆவுடையப்பனிடம் ஓடினாள். அவர் அவளைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துப் பேசினார். "கட்டில் காலியா கெடக்கு, எப்ப சீட்டு எடுப்பேன்னு மாடத்தி பத்துப் பேரக் கூட்டியாந்துட்டா. என்ன காரணத்தம்மா சொல்ல?" ஓர் இடம் காலியானால் அது காலியாகவே இருக்கும் என்று நினைத்த தன் புத்தியைச் செருப்பால் அடிக்கலாம் போல இருந்தது வடிவுக்கு. கல்லைப் பற்றி அத்தனை தெரிந்தவளுக்கு இது தெரியவில்லை.

அவள் மாடத்தியிடமே போய் உண்மையைச் சொன்னாள். பந்தியைச் சொல்லி, பம்பைச் சொல்லி, வெள்ளைப் புள்ளியைச் சொல்லி எல்லாம் சொன்னாள். மாடத்தி முழுவதையும் கேட்டாள். கேட்டுவிட்டு இடுப்பில் கைவைத்தாள்.

"நேத்து குழாய்ல ஒழுகுதுன்ன. இன்னைக்கி வெசம்ங்க. வெசம்னா நேத்தே ஊரக் கூட்டிச் சொல்லிருக்க மாட்டியா? ஒந் தங்கச்சி அங்க கெடந்து அழுதாளாம், கேள்விப்பட்டேன். அவளுக்கு மறுபடி இந்தக் கட்டிலு வேணும், அதுக்குத்தான இத்தன சோடிப்பு? சாமி கல்லு மேல பழி போட்டு எம் மகள வெரட்டப் பாக்காத தாயி. நல்லதுக்கில்ல."

நேற்று வாயை மூடியவளின் பேச்சு இன்று எடுபடவில்லை. அதில் மாடத்தியைக் குறை சொல்ல வடிவுக்கு வாயில்லை. அவள் நடைபாதையில் சுவரோடு சாய்ந்து நின்று அழுதாள். உள்ளே முப்பிடாதி வாயைத் திறக்க, மாடத்தி ஒரு கடுகளவு நாக்கில் வைத்தாள். கதவு இடுக்கில் அது தெரிந்தது.

விஷம் என்றால் நம்பாத ஊர் எதைச் சொன்னால் நம்பும் என்று அவள் யோசித்தாள். மூக்குடைந்த சிலையை யாரும் கும்பிடுவதில்லை. பின்னமானது பூசைக்கு ஆகாது. அறிவியலில் அதற்கு இடமில்லை, ஆனால் பாதாளக்குறிச்சியில் சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும்.

முப்பிடாதியை அவள் அம்மா குளிக்கக் கூட்டிப் போன நேரம் பார்த்து, மூக்கிலும் வாயிலும் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு, சில்லு எடுக்கிற உளியோடு வடிவு உள்ளே போனாள். ஒவ்வொரு பலகைக்கும் ஒரே ஒரு வெட்டு, நடு நெற்றியில். மெனக்கெட்டுச் செய்தாள். சத்தம் கேட்டு ஆள் வருவதற்குள் கடைசிப் பலகையும் முடிந்திருந்தது.

வந்தவர்கள் அவளை அடித்தார்கள். தலைமுடியைப் பிடித்து இழுத்தார்கள். முப்பிடாதி ஈரத் தலையோடு வாசலில் நின்று, "நா என்னக்கா செஞ்சேன் ஒனக்கு?" என்று கேட்டபடி கதறினாள். அவளைப் பொது வார்டுக்குக் கூட்டிப் போனார்கள். பின்னமான அறையில் பிள்ளை பெற யாரும் துணிய மாட்டார்கள், அதுதான் வடிவுக்கு வேண்டியிருந்தது. அதற்கு மேல் நடந்ததை அவள் கணக்கில் வைக்கவில்லை.

"இவள என்ன செய்ய?" என்று கூட்டம் கேட்டது. அந்த ஊரில் சிறை கிடையாது.

"அவ ஒடைச்ச கல்லோட அவளே கெடக்கட்டும்," என்றாள் மாடத்தி. "கதவு தொறக்குற வரைக்கும் அந்த அறையிலயே போட்டுப் பூட்டுங்க."

எல்லோரும் ஆவுடையப்பனைப் பார்த்தார்கள். கூடாது என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் வெளிக்கதவுக்கு ஓடுவார்கள். சங்கிலி முன்னால் வந்து ஏதோ சொல்லப் போனார். வடிவு அவரைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"வேற அறை இல்லம்மா," என்றார் ஆவுடையப்பன்.

"இருக்கட்டும். வாளியும் துணியும் குடுங்க."

அவளை உள்ளே தள்ளி வெளியே பூட்டினார்கள். கதவில் சோறு கொடுக்க ஒரு சின்னத் திறப்பு, அவ்வளவுதான். முதல் நாள் அவள் கட்டிலில் உட்கார்ந்து நாலு சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தன் வேலையை அத்தனை நெருக்கத்தில் அவள் பார்த்ததில்லை. மூச்சு விடுவதற்கே பயமாக இருந்தது. ஓவென்று கத்த வேண்டும் போல இருந்தது, கத்தினால் யார் வருவார்கள்? பிறகு எழுந்து சுவரைத் துடைக்கத் தொடங்கினாள். காலையில் துடைத்தால் சாயங்காலம் மறுபடி பூக்கும். மறுபடி துடைப்பாள். வாளியில் கலங்கிய தண்ணீரைத் திறப்பின் வழியாகச் சங்கிலி சொம்பு சொம்பாக வாங்கிப் போய், சிமிண்டில் குழைத்துக் கட்டியாக்கி ஒளித்து வைத்தார். இருவரும் பேசிக்கொள்வதில்லை. ஒரு வாரம் போவதற்குள் அவள் விரல் நுனிகள் மதமதத்தன.

குழலி ஒரு நாள்கூட வரவில்லை.

ஒரு பிற்பகலில் நடைபாதையில் ஓட்டமும் கூச்சலுமாக இருந்தது. முப்பிடாதிக்கு வலி எடுத்திருந்தது. நேரம் போயிற்று, பிள்ளை வரவில்லை. முப்பிடாதியின் அலறல் சுவரைத் தாண்டி வடிவுக்குக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் சோற்றுத் திறப்பில் ஒரு முகம் தெரிந்தது. மாடத்தி.

"ஏட்டி," என்றாள். குரலில் கோபமும் இருந்தது, அதை விழுங்கிய அழுகையும் இருந்தது. "நீ கல்லப் பின்னமாக்கிட்ட. ஆனா அதுக்கு முன்ன சுரந்த திருநீறு அது பாட்டுக்குத்தான இருக்கும்? ஒரு சிட்டிகை குடு. எம் மக தவிக்கா. குடுக்கலன்னா கதவ ஒடைச்சு நானே வழிச்சு எடுப்பேன்."

அவள் எடுத்துவிடுவாள். வடிவுக்கு அதில் சந்தேகமே இல்லை. இல்லை என்று சொல்லிப் பயனில்லை, விஷம் என்று சொல்லியும் பயனில்லை. வடிவு அறையைச் சுற்றிப் பார்த்தாள். மூலையில், முன்பு யாரோ தினமும் கொளுத்தி வைத்த ஊதுபத்தி மாடத்தில், சாம்பல் விழுந்து கிடந்தது. வெள்ளையாக, மெத்தென்று. அவள் அதைத் தாளில் வழித்தாள். வெறும் சாம்பல்தானா என்று முகர்ந்து பார்த்தாள், நுனி நாக்கிலும் வைத்துப் பார்த்தாள். மடித்துத் திறப்பின் வழியாக நீட்டினாள்.

மாடத்தி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓடினாள்.

விளக்கேற்றும் நேரத்துக்குப் பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. வடிவு கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். சந்தோஷத்தில்தான் அழுதாள், பொய் சொல்வானேன். ஆனால் பாதாளக்குறிச்சியில் ஒரு செய்தி நடக்காது, பறக்கும். கல் மன்னித்துவிட்டது, உடைத்தவள் கையாலேயே கொடுக்க வைத்துவிட்டது என்று ஊர் பேசியது.

மறுநாள் காலையில் திறப்புக்கு வெளியே காய்ச்சல் கண்ட பிள்ளையோடு ஒருவர் நின்றார். அவருக்குப் பின்னால் இடுப்பு வலிக்காரி ஒருத்தி. மத்தியானத்துக்குள் வரிசை நடைபாதை வளைவைத் தாண்டிப் போய்விட்டது. வரிசையில் குழலியும் நின்றாள், வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி, அக்காவின் முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டினாள். இது ஊதுபத்திச் சாம்பல் என்று சொல்ல வடிவுக்கு நாக்கு துடித்தது. சொன்னால் நிஜத் திருநீறு எங்கே என்று கேட்பார்கள். இந்த அறையின் இரும்புக் கதவெல்லாம் மூவாயிரம் பேருக்கு ஒரு பொருட்டா? அவள் ஒரு சிட்டிகை எடுத்துத் தங்கையின் உள்ளங்கையில் வைத்தாள். குழலி அதை வாயில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள்.

கூட்டம் கலைந்த பிறகு ஆவுடையப்பன் வந்து திறப்பின் முன் குனிந்தார். ஆவணிக்கு இன்னும் நெடுநாள் கிடந்தது. அவர் கண் கலங்கியிருந்தது.

"மாத்துத் துணி அனுப்பட்டுமா? மருந்து? என்ன வேணும்னாலும் கேளும்மா."

வடிவு மாடத்தைத் திரும்பிப் பார்த்தாள். அடியில் சாம்பல் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது.

"ஊதுபத்தி," என்றாள். "ஊருல இருக்கிறதெல்லாம் அனுப்புங்க."